சாம்பசிவன் இருக்கிறாரா?

சென்னை
5 பிப்ரவரி 2001

விஜயத்துக்கு,

ஜெர்மனி ஆய்வுக்கூடம் ஒன்றின் கோடைப் பயிற்சிக்கு மீரா விண்ணப்பித்து, நேர்காணல் வரை வந்துவிட்டாள். உறுதியான செய்தி. சொன்னவர் உன் அலுவலகத்து ராமசுப்ரமணியன். நேற்று சென்ட்ரல் ஸ்டேஷனில் பார்த்தேன். பிறர் சொல்லிச் செய்தி அறிவது நிருபருக்குப் பழக்கம்தான். பெற்ற மகளின் செய்தி என்பதால் கொஞ்சம் உறுத்தியது.

எத்தனை வாரம்? டிக்கெட் யார் செலவு? நேர்காணல் தொலைபேசியிலா? எழுது.

அன்புடன்,
சாம்பசிவன்

கரமனை, திருவனந்தபுரம்
15 பிப்ரவரி 2001

நமஸ்காரம்.

எட்டு வாரம். டிக்கெட் அவர்கள் செலவு. நேர்காணல் தொலைபேசியில்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தில் இருப்பவர்களுக்கு மட்டும், அதனால் அடுத்த வருஷம் முடியாது. கிடைத்த பிறகு அப்பாவிடம் சொல்லலாம் என்றவள் மீராதான்.

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். செவ்வாய் மத்தியானம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வரச் சொல்லி நான்தான் அவளை அனுப்பினேன். அவள் திரும்புவதற்குள் ஃபோன் மணி அடித்தது. ஒரு பெண் குரல், இங்கிலீஷில், "சாம்பசிவன் இருக்கிறாரா?" என்றது. உங்களைத் தேடும் பத்திரிகைக்காரர் யாரோ என்று நினைத்தேன். "அப்படி யாரும் இங்கே இல்லை, ஏழு வருஷமாக இல்லை" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருக்கும் பக்கத்து வீட்டு கைலாஷ் நேற்று, "அங்கே எல்லாரும் என்னை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடறா மாமி. பாதி நேரம் திரும்பிப் பார்க்கவே மறந்து போறது" என்று சிரித்தான். அப்போதுதான் புரிந்தது. நமக்கேது குடும்பப் பெயர்? விண்ணப்பத்தில் அந்த இடத்தில் மீரா உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறாள்.

அவள் ஃபோனை விட்டு நகரவில்லை. "என்னை வேண்டாம்னு தீர்மானிச்சுட்டாம்மா. அதான் கூப்பிடலை" என்கிறாள். நடந்ததை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்யட்டும்? ஃபோன் செய்யாதீர்கள், அவள்தான் எடுப்பாள்.

விஜயம்

சென்னை
18 பிப்ரவரி 2001

விஜயம்,

கூரியரில் அனுப்புகிறேன். கையில் கிடைத்ததும் அவளிடம் சொல்லிவிடு. கோபப்படுவாள், படட்டும். தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டார்கள் என்று ஒரு பெண் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

அன்றே அவள் மின்னஞ்சல் அனுப்பட்டும். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்: அப்பா பெயரைத்தான் நாங்கள் பின்னால் போட்டுக்கொள்வோம், அப்பாவைத் தேடுகிறார்கள் என்று அம்மா நினைத்துவிட்டார், இன்னொரு முறை கூப்பிடுங்கள். ஏழு வருஷ விவரம் ஜெர்மனிக்குத் தேவையில்லை.

நீ சொன்னதில் தவறான தகவல் எதுவும் இல்லை. எனக்குத்தான் அதைப் படிக்கக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த முறை கேட்டால், இருப்பதாகச் சொல்லி மீராவிடம் கொடு.

சாம்பசிவன்

கரமனை, திருவனந்தபுரம்
27 பிப்ரவரி 2001

நமஸ்காரம்.

நேற்று நேர்காணல் முடிந்தது. பக்கத்திலேயே இருந்த நான் சொல்கிறேன், உறுதியான செய்திதான்.

விஷயத்தைச் சொன்ன அன்று மீராவுக்கு என் மேல் கோபம். தன் பாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வந்து படுத்துவிட்டாள். மறுநாள் காபி குடிக்கும்போது, "பாவம் அல்லே அம்மா, அந்த ஜெர்மன்காரி! நம்மாத்து வழக்கெல்லாம் அவளுக்கென்ன தெரியும்?" என்று தானே சிரித்தாள்.

நேற்று நான்தான் எடுத்தேன். அதே குரல், அதே கேள்வி. "இருக்கிறார், ஒரு நிமிஷம்" என்றேன். ரிசீவரை வாங்கிய மீரா பேசி முடிக்கிறவரை என் புடவைத் தலைப்பை விடவில்லை. கடைசியில் அந்தப் பெயரைப் பற்றியும் கேட்டார்களாம். "அது என் அப்பா. பத்திரிகையில் இருக்கிறார்" என்றாள். இந்த வீட்டில் அதை யாரும் சத்தமாகச் சொல்லி வெகுநாள் ஆயிற்று.

கிடைத்தால் மே மாதம் புறப்பாடு. வழியனுப்ப அப்பா வர வேண்டும் என்கிறாள் மீரா. கிடைக்காவிட்டாலும் வரலாம் என்பது நான் சொல்வது.

மார்ச் பதினைந்துக்குள் முடிவு தெரியும் என்றார்கள். உங்கள் பதிலையும் அதற்குள் எதிர்பார்க்கிறோம்.

விஜயம்