பழைய தழும்பு போதாது

கமலவேணி,

சோறு வடித்துவிட்டேன். ரசம் அடுப்பின் மேல் இருக்கிறது. நான் திருமானூர் போய்விட்டுப் பொழுது சாய வருவேன்.

அம்மை குத்தும் இளையபெருமாள் காலையில் மறுபடி வருவார். நேற்றுப் போலத் திருப்பி அனுப்பாதே. “நர்சுக்கே குத்த வந்துட்டீங்களா? சின்ன வயசுல குத்துன தழும்பு இருக்கு, போங்க” என்று சிரித்தாய். போன தையில் உன் அண்ணியும் இதையேதான் சொன்னாள். அதே ஆஸ்பத்திரியில், அதே அம்மை வார்டில்தான் அவளும் நர்ஸ். மாசியில் அம்மை கண்டு அவள் போய்ச்சேர்ந்தாள். இதை நான் சொன்னதற்குத்தான் நீ இரவு சாப்பிடாமல் படுத்தாய். குத்திக்கொண்ட பிறகு மதிய டூட்டிக்குப் போ.

இன்னொன்று. நேற்று மாலை உன்னை அழைத்துப்போக வார்டுக்கு வந்தபோது, உடையார்பாளையத்துக் கிழவர் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, தெனமும் வெளக்கு வைக்கிற நேரத்துல இன்னொரு நர்சம்மா வருது. கமலவேணி புதுசாக் குத்திக்கிட்டாளான்னு கேக்குது. மொகமெல்லாம் முத்து போட்டிருக்கு, பாவம்” என்றார். அவர் அண்ணியைப் பார்த்ததில்லை. அந்த வார்டில் உன்னைத் தவிர வேறு நர்சும் இல்லை.

இன்று அவள் கேட்டால், ஆயிற்று என்று கிழவர் சொல்லட்டும்.

அண்ணன்