ஆரணித் தெரு

அண்ணை,

இன்று காலை யன்னல் துடைக்கலாம் என்று கடையில் வாங்கிய புதுப் போத்தல் ஒன்றைத் திறந்தேன். மூடியைக் கழற்றியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனேன். அமோனியா. நம்முடைய நகரசபைக் கந்தோரின் பின்னறையில் வரைபடங்களைப் பிரதி எடுக்கும் அந்தப் பெரிய மெஷினிலிருந்து வந்த அதே நாற்றம். போத்தலை மூடிவிட்டுக் கதிரையில் இருந்தவள்தான், இன்னும் எழும்பவில்லை. நீங்கள் போய் இன்றைக்கு ஐந்தாம் நாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. வெள்ளைக்கார நாட்டில், பரமட்டா நகருக்கும் மேற்கே ஒரு சின்ன நகரசபை. கட்டடம் முழுக்கத் தமிழ் ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நீங்கள் வரைபடம் கீறுபவர், நான் தட்டெழுதுபவள். முதல் நாளே என் மேசைக்கு வந்து, "தங்கச்சி யாழ்ப்பாணமோ?" என்று கேட்டீர்கள். ஓம் என்றதும், "அப்பாடா, இனி மத்தியானத்திலையாவது வாயைத் திறக்கலாம்" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் வாய் மூடியதே இல்லை.

மாட்டுப் பண்ணைகளையும் தோடம்பழத் தோட்டங்களையும் துண்டு துண்டாக வெட்டி வீட்டுக்காணியாக விற்ற காலம் அது. கிழமைக்குக் கிழமை புதுத் தெருக்கள். தெருவென்றால் பெயர் வேண்டுமே! அதற்கு நான் அடிக்கும் பட்டியல் ஒன்று சபைக் கூட்டத்துக்குப் போகும். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒரு வரி. இது பண்ணைக்காரரின் பாட்டன், இது அந்தப் பக்கத்தின் முதல் தபால்காரர், இது ஆற்றங்கரையில் முன்பு திரிந்த ஒரு பறவை. அந்த வலப்பக்கத்து வரி தெரியாமல் நீங்கள் ஒரு தெருவையும் கீற மாட்டீர்கள். சனிக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு போய்க் கிழவன்மாரைப் பிடித்துக் கதை கேட்டு வருவீர்கள்.

உயிரோடு இருப்பவரின் பெயரை வைக்கக்கூடாது என்பது எங்கள் சபையின் சட்டம். "இஞ்சை ஒரு தெரு கிடைக்கிறதெண்டால் முதல்லை சாக வேணும், பிள்ளை" என்பீர்கள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயிலேயே நான் அடிக்கலாம் போல இருக்கிறது.

அந்த வருடம்தான் உங்களுக்கும் அக்காவுக்கும் முதல் பிள்ளை மாதம் முந்திப் பிறந்தது. பெண் பிள்ளை. பதினொரு நாள் இருந்தாள். பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழித்துத்தானே நாங்கள் பேர் வைப்பது. அதுவரைக்கும் அந்தப் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று அக்கா பிடித்த பிடியில் நின்றா. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் காலில் கட்டிய அட்டையிலும் அக்காவின் பெயர்தான் இருந்தது. கல்லறைக் கல்லிலும் வெறும் 'குழந்தை' என்றே வெட்டினார்கள். அடக்கத்துக்கு நீங்கள், அக்கா, நான், என் கணவர், நாலே பேர். தேவாரம் தொடங்கி இரண்டாம் வரியில் நின்றுவிட்டீர்கள். அடுத்த வரி எனக்காவது வந்திருக்கலாம். வரவில்லை. கந்தோரில் நீங்கள் காய்ச்சல் என்று சொல்லித்தான் லீவு எடுத்திருந்தீர்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு பண்ணைக்கு எட்டுத் தெரு வந்தது. ஏழுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. நீங்கள் ஒரு துண்டுக் கடதாசியை என் மேசையில் வைத்தீர்கள். 'ஆரணி' என்று எழுதியிருந்தது.

"நல்ல வடிவான பேர். ஆர் அண்ணை இது?"

"எங்கடை பிள்ளைக்கு வைக்க இருந்தது. வெள்ளைக்காரன்ரை வாய்க்கும் வருமெண்டு பாத்து எடுத்த பேர்."

"வலப்பக்கத்திலை என்ன போட?" என்று மட்டும் கேட்டேன்.

"ஏதாவது போடுங்கோ" என்றுவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

ஏதாவது! இலங்கையில் வழங்கும் ஒரு பெண் பெயர் என்று போட்டிருந்தால் ஒருவரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். நான்தான் பெரிய கெட்டிக்காரி ஆயிற்றே, பிழையே விடாத தட்டெழுத்துக்காரி. செத்தவர்களின் பெயர் என்றால் சரி என்று சட்டமே சொல்கிறது, பிள்ளைக்கும் தன் கதை அந்த வரியில் இருக்கட்டும் என்று நினைத்து, 'இந்த அலுவலகத்துப் படவரைஞரின் மகள், பதினொரு நாள் வாழ்ந்தவள்' என்று அடித்தேன். அடிக்கும்போது அழுதேன். அடித்து முடித்ததும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. புத்தி கெட்டவள்.

பட்டியல் திரும்பி வந்தபோது அந்த வரியில் சிவப்புக் கோடு. சபையில் வேலை செய்கிறவர்களின் குடும்பப் பெயர்களை வைப்பதில்லையாம். அப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. மேலதிகாரி கூடாத மனிதர் இல்லை. அதனால்தான் நேரே உங்கள் மேசைக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால், பிள்ளைக்காக அனுதாபம் சொன்னார். அறை முழுக்க உங்களைத் திரும்பிப் பார்த்தது. நீங்கள் குனிந்த தலை நிமிரவில்லை.

எட்டாவது தெருவுக்கு ஒரு பந்தயக் குதிரையின் பெயர் வந்தது. அந்தப் பண்ணையில் பிறந்த குதிரை, போன வருடம்தான் செத்ததாம், சட்டத்துக்குப் பொருத்தம். அதையும் நான்தான் அடித்தேன். படத்தில் எழுதுவது நீங்கள். அந்த அமோனியா நாற்றத்துக்குள் பக்கத்தில் வந்து நின்றேன். எழுத்து எழுத்தாக, மற்ற ஏழு தெருக்களுக்கும் எழுதியது போலவே எழுதினீர்கள்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை."

"விடுங்கோ பிள்ளை. நீங்கள் உள்ளதைத்தானே அடிச்சியள்." மை காயட்டும் என்று பேனையைக் கீழே வைத்தீர்கள். "பாவம், இதுவும் ஓடிக் களைச்ச குதிரைதானே. உங்கடை அக்காவுக்கு மட்டும் இதைச் சொல்லிப்போடாதேங்கோ."

நான் சொல்லவில்லை. பிறகு மகன் வந்தான், மகள் வந்தாள். இரண்டு பேருக்கும் முப்பத்தொன்றாம் நாளுக்கு உங்கள் செவன் ஹில்ஸ் வீடு நிறையச் சனம். அந்த இரண்டு நாளும் நான் குசினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை, நீங்களும் ஏனென்று கேட்கவில்லை. ஒருமுறை எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது அந்தக் குதிரைத் தெருவால் போனீர்கள். நடுவில் வேகத்தைக் குறைத்தீர்கள். என் கணவர், "என்ன, வழி மாறிட்டுதோ?" என்று கேட்டார். "இல்லை, இல்லை" என்றீர்கள்.

நேற்று உங்கள் மகன் போன் எடுத்தான். "அன்ரி, அப்பாவின்ரை நோட்டீஸ் தமிழிலை எழுதியிருக்கிறம். வாசிக்கிறன், ஓகேயோ எண்டு சொல்லுங்கோ." வாசித்தான். அன்னாரின் தாய் தகப்பன், காலஞ்சென்ற அக்கா, பிறகு பிள்ளைகள். அவனுடைய பெயர், தங்கையின் பெயர். பேரப்பிள்ளைகள். வாசித்து முடித்து, "ஒருத்தரையும் விடேல்லையே, அன்ரி? எல்லாரும் இருக்கினமோ?" என்று கேட்டான்.

அவனுடைய பெயருக்கு முன்னால் ஒரு பெயருக்கு இடம் இருந்தது, அண்ணை. ஒரு சொல் போதும். ஆனால் உங்களைக் கேளாமல் ஒருமுறை அந்த வரியை அடித்துவிட்டு உங்களைத் தலை குனிய வைத்தவள் நான். இத்தனை வருடம் நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லாததை, தகப்பனைப் பறிகொடுத்து நிற்கிற பிள்ளைக்குப் போனில் எப்படிச் சொல்ல? சொல்லாமல்தான் எப்படி இருக்க?

"ஓம் தம்பி, எல்லாரும் இருக்கினம்" என்றேன்.

மரண அறிவித்தல் நாளைக்கு வருகிறது. விடிந்ததிலிருந்து நாலு தரம் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். அக்காவும் போய், நீங்களும் போய், அவளுடைய பெயர் தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான். எனக்கு எழுபத்தாறு வயது.