பித்தளை அண்டாவில் நின்ற கடல்நீர்

அண்ணே,

இன்று காலை உங்கள் மகன் உங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். புளி போட்டுத் துலக்கிய வாசனை அதில் இன்னும் இருந்தது. மூக்கில் ஏறியதும் பழையதெல்லாம் திரும்பி வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஆனாலும் திட்டத்தான் போகிறேன்.

சீன முதலாளி தவுக்கேயின் கடற்கரை பங்களாவில் நீங்கள் மேற்பார்வை. நான் மீன் தொட்டிக்குத் தண்ணீர் தயார் செய்பவன். துறைமுகத்து அழுக்குத் தண்ணீர் ஆகாது என்று சம்பான் படகில் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்கு அப்பால் போய் மொண்டு வருவேன். மண் தாழிகளில் மூன்று நாள் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, சிவப்பு லிட்மஸ் காகிதத்தை நனைத்துப் பார்ப்பேன். அது மெல்ல நீலமாக வேண்டும். தண்ணீர் புளித்திருந்தால் சிவப்பாகவே கிடக்கும். என் கையில் ஒரு மீன் செத்ததில்லை. தொட்டி வைத்திருந்த பங்களாக்காரர்கள் என் பெயரைச் சொல்லித்தான் ஆள் அனுப்புவார்கள்.

புதுக் கண்ணாடித் தொட்டி வந்தது. விருந்தாளிகள் முன்னால் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். நல்ல காரியத்துக்கு மண் தாழியா என்று உங்களுக்குக் கேவலமாகப் போயிற்று. முந்தின நாளே என் தண்ணீரையெல்லாம், பளபளவென்று துலக்கிய உங்கள் அண்டாக்களுக்கு மாற்றி, மஞ்சள் குங்குமமும் வைத்துவிட்டீர்கள். காலையில் பார்த்ததும் பதறினேன். பித்தளையில் உப்புத்தண்ணீர் நின்றால் செம்பு கரையும், மீனுக்கு விஷம் என்று கெஞ்சினேன். நீங்கள் என் காகிதத்தையே எடுத்து நனைத்தீர்கள்.

"நீலமாத்தானே ஆவுது? அப்புறம் என்ன லா உனக்கு?"

புளிப்பைத்தான் அது காட்டும், விஷத்தைக் காட்டாது என்றேன். நீங்கள் காதில் வாங்காமல் ஊற்றி, மீன்களையும் விட்டீர்கள். பொழுது சாய்வதற்குள் அத்தனையும் வயிறு மேலே தெரிய மிதந்தன. நான் சோம்பேறி, சாக்கடை வாயிலேயே மொண்டு வந்துவிட்டேன் என்று தவுக்கேயிடம் மலாயில் சொன்னீர்கள். எனக்கு மலாய் தெரியாதா, அண்ணே?

அன்றோடு என் பெயர் போயிற்று. எந்த பங்களாவும் கூப்பிடவில்லை. படகுத்துறையில் மூட்டை தூக்கினேன். வழியில் பார்த்தால், நல்லா இருக்கியா தம்பி என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அண்டாவை இறக்கிவிட்டு உங்கள் மகன் சொன்னான்:

"சாகறதுக்கு முன்னாடி அப்பா, இத உங்ககிட்டதான் குடுக்கணும்னாரு, சித்தப்பா. ஏன்னு சொல்லல. அழுதாரு."

அழுதீர்களாம்! தவுக்கே இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். அவர் வாசல் வரை நடக்க உங்களுக்குக் கால் இருந்தது, சொல்ல வாயும் இருந்தது. அதைச் செய்யாமல் பாத்திரத்தை அனுப்பியிருக்கிறீர்கள்.

அவன் போனதும் அண்டாவில் கடல்தண்ணீர் நிறைத்து என் வாசலில் வைத்துவிட்டேன். இனி அதைத் துலக்க மாட்டேன். விளிம்பெல்லாம் பச்சை பிடிக்கட்டும். போகிறவர் வருகிறவர் இது எதற்கு என்று கேட்பார்கள். உங்கள் பெயரில் தொடங்கி, ஒன்று விடாமல் சொல்வேன்.

உங்கள் மகனும் ஒருநாள் கேட்பான். அவனிடமும் சொல்வேன்.