மழைக்கு மட்டும் வருகிற மாப்பிள்ளை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
9 ஜூலை 2006

அன்புப் பேத்தி லினெட்டுக்குத் தாத்தா லூயிஸ் எழுதிக்கொள்வது.

முதலில், என் கையெழுத்தைப் பார்த்து நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. கோடு போட்ட தாள்தான். ஆனாலும் வரிகள் மேலே ஏறுகின்றன, கீழே இறங்குகின்றன. பெரிய மார்க்கெட்டில் காலமெல்லாம் ஐஸ் கட்டி உடைத்த கை இது. பேனாவையும் அதே வேகத்தில் இறக்கிவிடுகிறது. மூன்று இடத்தில் தாள் கிழிந்திருக்கும், பொறுத்துக்கொள். மாதா கோவில் கூடத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்து ஒரு வருடம்தானே ஆகிறது. காலையில் உட்கார்ந்தேன், இப்போது பக்கத்து வீட்டில் ரசம் மணக்கிறது. போனில் பேசலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் உன் அம்மாதான் பேசுகிறாள். நீ "நல்லா இருக்கேன் தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாய்.

நீ அனுப்பிய ஜப்பான் படக்கதை வந்து சேர்ந்தது. பேசுகிறவர்கள் வாயருகே இருக்கும் ஒவ்வொரு வட்டத்திலும், பிரெஞ்சு எழுத்தை மறைத்து, தமிழில் எழுதி வெட்டி ஒட்டியிருக்கிறாயே, என் ராசாத்தி! இவ்வளவு வேலையை எனக்காக யாரும் செய்ததில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை நீ சொல்லாமல் விட்டுவிட்டாய். நான் எல்லாப் புத்தகத்தையும் போல இடப்பக்கத்திலிருந்து படித்தேன். முதல் பக்கத்திலேயே யூமி என்ற பெண்ணும் கென் என்ற பையனும் கட்டிப்பிடித்து அழுதார்கள். போகப் போகத் தள்ளி நின்றார்கள். கடைசிப் பக்கத்தில் ஒருவரையொருவர் யாரென்றே தெரியாமல் தெருவில் போனார்கள். இது என்ன காதல் கதை என்று எனக்கு ஒரே வருத்தம். வகுப்பெடுக்கும் நிர்மலாதேவி டீச்சர்தான், "ஐயா, ஜப்பான்காரங்க புஸ்தகத்த வலது பக்கத்துலேர்ந்து தொறக்கணும்" என்றார். திரும்பப் படித்தேன். அப்போதுதான் கென் ஒரு பேய், மழை பெய்தால் மட்டும் யூமியின் குடைக் கடைக்கு வருவான், மழை நின்றால் போய்விடுவான் என்று புரிந்தது.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் குஞ்சம்மாளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். மத்தியானம் வியாபாரம் ஓய்ந்ததும் அவள் கடையில் உட்கார்ந்து வாசித்தேன். "பேயின்னா பேய்தான். சாப்பிட வருவானா மாட்டானா, அத்த கேளு" என்றாள். யூமி கடை வேலையைப் பார்க்காமல் ஜன்னலில் நிற்பது குஞ்சம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாம் பாகம் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்புத் தாத்தா
லூயிஸ்


சார்செல், பிரான்ஸ்
20 ஆகஸ்ட் 2006

அன்புள்ள தாத்தா,

மன்னிக்கவும், மன்னிக்கவும், மன்னிக்கவும்! வலது பக்கம் என்று சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் கடிதத்தைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார், "உன் தாத்தா உன்னைவிட நன்றாக எழுதுகிறார்" என்றார். எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஏதாவது ஒன்றைத் தமிழாக்க வேண்டும் என்று அவர் சொன்னதால்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். இப்போது அவர் கேட்காவிட்டாலும் செய்கிறேன்.

இரண்டாம் பாகத்தை அனுப்பியிருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும். இது நல்ல கதை இல்லை, தாத்தா. முதல் பாகத்தில் கென்னுக்குக் கால் கிடையாது, இடுப்புக்குக் கீழே புகை. இதில் ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிறான். யூமிக்கு ஒரு குட்டித் தம்பி இருந்தானே, அவனைக் காணவே இல்லை. வரைந்தவரே மறந்துவிட்டார். ஆனாலும் அடுத்த பாகம் எப்போது வரும் என்று கடைக்காரரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

இன்னொரு கேள்வி. உங்கள் கடிதத்தில் என் பெயரைவிடக் குஞ்சம்மாள் ஆயாவின் பெயர் அதிகம் வருகிறது. அம்மா, "யார் அது?" என்றாள். "தாத்தாவின் வகுப்புத் தோழி" என்றேன். சரிதானே?

முத்தங்களுடன்,
லினெட்


நெல்லித்தோப்பு, புதுச்சேரி
22 அக்டோபர் 2006

அன்புப் பேத்தி லினெட்டுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தாலே குஞ்சம்மாள், "இந்நேரம் அந்தக் கொடக் கடைக்கு மாப்ள வந்திருப்பான்" என்கிறாள். பக்கத்துக் கடை அஞ்சலாட்சிக்கும் கதை தெரிந்துவிட்டது. எந்த மாப்பிள்ளை, யார் வீட்டு மாப்பிள்ளை என்று மார்க்கெட்டில் பாதிப் பேர் கேட்கிறார்கள்.

இரண்டாம் பாகம், பிறகு நீ அனுப்பிய மூன்றாம் பாகம் இரண்டையும் படித்து முடித்தோம். யூமி ஒவ்வொரு பாகத்திலும் சொல்ல வருகிறாள், வாயைத் திறக்கிறாள், மழை நின்றுவிடுகிறது. குஞ்சம்மாளுக்குக் கோபம் தாங்கவில்லை. "புடிச்சிருக்குன்னு சொல்ல எத்தினி புஸ்தகம் வேணும் இவளுக்கு? நான் அதுக்குள்ள ஒரு கூட சங்கரா வித்துட்டு வந்துடுவேன்" என்றாள். தம்பியைத் தேடாததற்காக யூமியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. "பெத்தவங்க இல்லாத புள்ள, எங்க போயி என்னா தின்னுதோ" என்று சங்கரா மீனைச் செதில் உரித்தபடியே கேட்டாள்.

நீ கேட்ட கேள்விக்கு நான் இதுவரை பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். இப்போது எழுதுகிறேன்.

லினெட், உன் மதலேன் பாட்டி போன பிறகு எட்டு வருடமாக நான் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். குஞ்சம்மாளும் தன் புருஷன் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். இருவரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. முறையாகக் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு, எல்லோரும் அறிய. அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமில்லை. உன் அம்மாவை நினைத்தால்தான் பயம். ஸ்டெல்லாமேரி தன் அம்மா மேல் உயிராக இருந்தவள். இதைக் கேட்டுவிட்டு அவள் ஞாயிற்றுக்கிழமை போனை நிறுத்திவிட்டால் நான் என்ன செய்வேன்? அந்தப் போனுக்காகத்தான் சனிக்கிழமையே முகம் மழிக்கிறேன்.

அவளிடம் இப்போது எதுவும் சொல்லாதே.

உன்
தாத்தா லூயிஸ்


சார்செல்
19 நவம்பர் 2006

அன்புள்ள தாத்தா,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் பூட்டிக்கொண்டு படித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் நான் பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும். ஆகவே நீண்ட நாள் தாங்காது.

நீங்கள் யூமியைத் திட்டுகிறீர்கள். ஆனால் நீங்களும் மூன்று பாகமாக வாயைத் திறக்கவில்லையே! இதை மரியாதையுடன்தான் சொல்கிறேன்.

நான்காம் பாகம் இதோ. பழைய பசை தீர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பசைக் குச்சியால் ஒட்டினேன். கவனமாகத் திருப்புங்கள்.

லினெட்


நெல்லித்தோப்பு, புதுச்சேரி
14 டிசம்பர் 2006

அன்புப் பேத்தி லினெட்டுக்கு,

பெரிய விபத்து நடந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. புத்தகத்துக்குத்தான்.

நான்காம் பாகத்தைக் குஞ்சம்மாளின் ஐஸ் பெட்டிமேல் வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். ஐஸ் பெட்டி மூடியில் எப்போதும் தண்ணீர் நிற்கும் என்பதை மற்றவர் மறக்கலாம், ஐஸ்காரன் நான் மறக்கலாமா? திரும்பி வந்து எடுத்தால், நீ ஒட்டிய தமிழெல்லாம் செதில் போல உதிர்ந்து கொட்டுகிறது. உள்ளே பிரெஞ்சு மட்டும் நிற்கிறது. அது எங்கள் இருவருக்கும் தெரியாது.

குஞ்சம்மாள் பதறவில்லை. காலிக் கூடையைக் கவிழ்த்து, துண்டுகளை அதன்மேல் வரிசையாகக் காய வைத்தாள். "யாரு எத்த சொன்னாங்கன்னு மூஞ்சியப் பாத்தா தெரியாதா? நான் மூஞ்சி பாக்குறேன், நீ படி" என்றாள். சோற்றுப் பசை கொண்டுவந்தோம். நான் ஒவ்வொரு துண்டாகப் படித்தேன், அவள் இடம் சொன்னாள்.

"‘இனிமேல் நான் போகமாட்டேன்.' இது யாருக்கு?"

"அவனுக்குத்தான். பாரு, மழ நின்னு போச்சி, ஆனா நிக்கிறான் பாரு."

"அதுல அவன் கிளம்புற மாதிரில்ல இருக்கு?"

"கெளம்பலய்யா. செருப்பக் கழட்டுறான்."

"‘சாப்பிட்டாயா?' இது?"

"இந்த பெரிய படத்துல ஒட்டு. ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வெச்சிக்கினு நிக்குறாங்க பாரு, அதுல."

இப்படியே முழுப் புத்தகத்தையும் ஒட்டிவிட்டோம். நீ அனுப்பிய கதை எப்படியிருந்ததோ எனக்குத் தெரியாது. இப்போது இருக்கும் கதையில் கென் எங்கும் போவதில்லை, யூமி சமைக்கிறாள், ஒரு பக்கத்தில் தம்பியைப் பற்றியும் கேட்கிறாள்.

கடைசித் துண்டை ஒட்டியதும் கையில் பசையோடு கேட்டேவிட்டேன். "குஞ்சம்மா, நம்மளும் ஒரே வீட்ல இருந்தா இன்னா?"

அவள் கத்தியை எடுத்துக் கழுவினாள். பிறகு மறுபடியும் கழுவினாள். நான், "நான் மாதா கோவிலுக்குப் போறவன், நீ மாரியம்மனக் கும்புடுறவ, அதான் யோசிக்கிறியா?" என்றேன்.

"உங்க சாமியும் எங்க சாமியும் இதே மார்க்கெட்லதான பூ வாங்குது. அதுல இன்னா இருக்கு" என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "மொதல்ல உன் பொண்ணுகிட்ட சொல்லு. அது சரின்னா சரி. ஒளிஞ்சி ஒளிஞ்சி வந்து போறதுக்கு நான் இன்னா மழைக்கு வர்ற பேயா?"

அவள் சொன்னது நியாயம். வருகிற ஞாயிறு உன் அம்மா போன் செய்யும்போது நானே சொல்லப்போகிறேன். நீ உன் காதைப் பார்த்துக்கொள்.

தாத்தா லூயிஸ்


சார்செல்
20 ஜனவரி 2007

அன்புள்ள தாத்தா,

நீங்கள் கேட்கமாட்டீர்கள், ஆனால் தெரிந்துகொள்ள விரும்புவீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு நீங்கள் விஷயத்தைச் சொன்னதும் அம்மா போனை வைத்தாள். அடுப்பைத் துடைத்தாள். பிறகு வீட்டில் இருந்த எல்லாத் துணிகளுக்கும் இஸ்திரி போட்டாள், என் காலுறைக்குக்கூட. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போனைத் தொடவில்லை. கிறிஸ்துமஸுக்கும் என்னைத்தான் பேசச் சொன்னாள். உங்கள் குரல் சிறியதாக இருந்தது, தாத்தா. அன்று இரவு நான் அவளோடு சண்டை போட்டேன். "உனக்குப் புரியாது" என்றாள்.

இதற்கிடையே ஐந்தாம் பாகம் வந்தது. இதுதான் கடைசி. தாத்தா, ரொம்ப மோசம். மழை நிற்கப் போகிறது, கென் "இருக்கட்டுமா?" என்று கேட்கிறான். யூமி, "ஊரில் என்ன சொல்வார்கள்? நீ போய்விடு" என்கிறாள். அவன் போய்விடுகிறான். அவள் குடையை மடிக்கிறாள். முற்றும். இதற்கா இவ்வளவு காத்திருந்தேன்! தமிழ்த் துண்டுகளைக் கோபத்தோடு வெட்டி ஒட்டிவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். முன் பாகங்களை அவள் படித்ததே இல்லை. ஆனாலும் கடைசிப் பக்கத்தை விரலால் தட்டிக் காட்டினாள்.

"இன்னா பொண்ணு இவ! அவன் கேக்குறான் இல்ல, இருக்கட்டுமான்னு? ஊர்ல என்னா சொல்லுவாங்களாம்! யாரு சொல்லப் போறாங்க? சொன்னாதான் என்னா?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் காதுகள் எப்படியிருந்தன என்று தெரியவில்லை.

தான் சொன்னது தனக்கே கேட்டுவிட்டதுபோல அம்மா எழுந்தாள். பிறகு கோட்டைக் கழற்றி மாட்டினாள். ரொம்ப நேரம் கழித்து, "இப்ப அங்க மணி என்ன இருக்கும்?" என்று கேட்டாள். அங்கே நடு இரவு என்றேன். "சரி, இன்னொரு நாள்" என்றாள்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். இந்த முறை நல்ல பசை.

லினெட்


நெல்லித்தோப்பு, புதுச்சேரி
11 பிப்ரவரி 2007

அன்புப் பேத்தி லினெட்டுக்கு,

இன்று எழுத்து கொஞ்சம் அதிகமாகவே கோணுகிறது. சந்தோஷத்தில் எழுதினாலும் எழுத்துக் கோணல்தான், டீச்சர் சொல்லிக் கொடுத்தாலும் நேராகாது.

போன ஞாயிறு போன் அடித்தது. எடுத்தேன். "பப்பா, அந்தம்மா நம்பர் குடுங்க" என்றாள் உன் அம்மா. வேறு ஒரு வார்த்தை இல்லை. கொடுத்தேன். அன்றைக்கு நான் தூங்கவில்லை என்று எழுதத் தேவையில்லை.

மறுநாள் மத்தியானம் நான் குஞ்சம்மாளுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். அவள் செல்போன் அடித்தது. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். உன் அம்மா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. இவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆமாம்மா, நான்தான்… சொல்லும்மா… பிரஷரு மாத்திரையா? காலையிலயா, சரி… கருவாடு குடுக்கக் கூடாதா? இன்னாம்மா நீ, மீன்காரி வீட்ல இருந்துக்கினு கருவாடு கெடையாதுன்னா எப்பிடி?… அதெல்லாம் இல்ல, வாரத்துக்கு ஒரு வாட்டி… மாசத்துக்கு ஒன்னா! அநியாயம் பண்ணாத. ரெண்டு. மாசத்துக்கு ரெண்டு, அதுவும் நெத்திலி மட்டும். அதுக்குக் கீழ என்னால எறங்க முடியாது… சரி. ரெண்டு."

அஞ்சலாட்சி வாடிக்கைக்காரரை விட்டுவிட்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஐஸ் உடைக்கும் கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

பிறகு குஞ்சம்மாள் குரல் மாறிவிட்டது. "ஏம்மா அழுவுற? அழுவாத… உங்க அம்மா படம் அந்த செவுத்துலியே இருக்கட்டும். யாரு கழட்டப் போறாங்க? நான் தெனம் பூ வெக்கிறேன், போ… சரிம்மா. சரி. உடம்பப் பாத்துக்க. அங்க குளிராமே."

போனை இடுப்பில் செருகினாள். கண்ணைத் துடைத்தாள், கையில் செதில் இருந்ததால் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. "உன் பொண்ணு பேரத்துல பெரிய கெட்டிக்காரி ஐஸ்காரரே. அவ தெனம் மீன் வாங்க வந்தா நான் கடைய மூடிட்டுப் போகணும்" என்றாள். பிறகு, "பேந்தப் பேந்த முழிக்காத. ஐஸ் கரையுது பாரு" என்றாள்.

ஈஸ்டருக்குப் பிறகு பதிவு வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். அம்மாவுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல்.

உன் ஐந்தாம் பாகம் நேற்றுதான் வந்தது. இன்னும் திறக்கவில்லை. முடிவு மோசம் என்று நீ எழுதியதைக் குஞ்சம்மாளிடம் சொன்னேன். "மோசமா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். அவ புத்தி கெட்டுப் போனா நமக்கு இன்னா? எட்த்துக்கினு வா, படி" என்றாள். நாளை மத்தியானம் மார்க்கெட்டில் படிக்கப்போகிறோம்.

கடைசிப் பக்கத்தில் யூமி வாங்கப்போகும் திட்டு கொஞ்சநஞ்சமாக இருக்காது. அதை ஒரு வார்த்தை விடாமல் அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.

உன் அன்புத் தாத்தா,
லூயிஸ்