பதில் சொல்லாத வெள்ளிக்கிழமை

மூன்றாம் வகுப்பில் என்னோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவளே, பிறகு என் அண்ணனைக் கட்டி எனக்கு மைனியானவளே, என் ரெஜினா,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் சண்டை இல்லாமல் இருந்தால் சரி. இங்கே இருக்கிறது. வளைகுடாப் பக்கம் இரண்டு நாடுகள் ஒன்றையொன்று கொளுத்துகின்றன. என் பேரன் ஜெரோம் வேலை பார்க்கும் சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. முன்னே போகவும் முடியவில்லை, திரும்பவும் விடவில்லை.

அந்த இரண்டில் கப்பலை மறித்து வைத்திருப்பது உன் கோல்கீப்பரின் நாடு. உலகக்கோப்பைப் பந்தாட்டத்தில் தோற்று அவன் புல்லில் குப்புறக் கிடந்து அழுதபோது, "ஏலே, எந்திரிலே ராசா, நல்லாத்தானலே பிடிச்ச" என்று டிவியைத் தடவினாயே, அவன் நாடு. நான் எதிர் அணிக்குக் கைதட்டினேன் என்று அன்றைக்குச் சீலா மீன் குழம்பில் எனக்குத் தலைத்துண்டு வைக்கவில்லை நீ. அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

ஆனால் இப்போது என் கோபம் நம் தெருப் பெண்கள்மேல்.

அந்தக் கோல்கீப்பர் நாட்டுத் துறைமுகத்தில் குண்டு விழுந்ததைச் செய்தியில் காட்டினார்கள். தலையில் துண்டு கட்டிய ஆட்கள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சிலர் எழுந்திருக்கவே இல்லை. என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் நம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள்தானே? நான் சிலுவை போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டில் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை நம் தெருப் பிலோமி வீட்டில் ஜெபக்கூட்டம். ஜெபமாலை முடிந்து ஒவ்வொருத்தியாக வேண்டுதல் சொல்ல, மற்றவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வது உனக்குத் தெரியாததா? ஜெரோமுக்காகச் சொன்னபோது கூரை பிய்ந்துவிடும்போல் பதில் வந்தது. என் முறை. "அந்தத் துறைமுகத்தில் செத்த சுமைகாரர்களுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும்" என்றேன்.

ஒரு வாய் திறக்கவில்லை, மைனி.

பிலோமிதான் முதலில் பேசினாள். "ஆச்சி, உங்க பேரன் கப்பல மறிச்சு வச்சிருக்கவனுக்கா ஜெபம் கேக்கிய?"

"மறிச்சவனுக்கு இல்லளா, மூட்டை தூக்குனவனுக்கு."

"எல்லாம் ஒண்ணுதான். இங்கன அரசியல் பேசாதிய."

"போனுல அந்த ஊரு எரியுத படத்துக்குக் கீழ நீ கைதட்டுத பொம்மை போட்டியே, அது என்ன, நவநாள் ஜெபமா?"

"ஆச்சிக்கு அந்த ஊரு பந்துக்காரன் மேல பாசம். மைனியும் நாத்தனாரும் டிவி முன்னால கெடந்து கூப்பாடு போட்டத தெருவே பாத்துச்சே!" என்றாள் பிலோமி.

எல்லாரும் சிரித்தார்கள். உன்னைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாட்டுக்காரன் அழுத முகத்தை ஞாபகம் வைத்திருப்பது குற்றமா?

நீயும் நானும் அரசியலில் ஒத்துப்போனதே இல்லை. ஓட்டுப் போடப் போகும் வழியெல்லாம் சண்டைதான். இதற்கும் நீ வீட்டுக்கு வந்து, "ஏளா, உனக்குக் கிறுக்கா?" என்று திட்டியிருப்பாய். ஆனால் அங்கே, அந்த நேரத்தில், பதில் சொல்லியிருப்பாய். சொல்லியிருப்பாய்தானே?

நேற்று ஜெரோம் பேசினான். "தண்ணி இருக்கு, சோறு இருக்கு, பயப்படாதிய ஆச்சி" என்றான். கூட வேலை பார்க்கும் ஒருவன் அந்தத் துறைமுகத்து ஊர்க்காரனாம். வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லையாம். சாப்பிடாமல் கிடக்கிறானாம். "அவனுக்கும் சேத்து நம்ம தெருவுல வேண்டிக்கிடுங்க ஆச்சி." கேட்டாயிற்று, தெரு வாயை மூடிக்கொண்டது என்று எப்படிச் சொல்வேன்? "சரிலே" என்று மட்டும் சொன்னேன்.

வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம் என் வீட்டில். ஜெரோமுக்கு மட்டும் வேண்டினால் போதும், இல்லையென்றால் யாரும் வரமாட்டோம் என்று பிலோமி சொல்லி அனுப்பியிருக்கிறாள். வராவிட்டால் போகட்டும். வந்தால், அந்தப் பையனின் வீட்டாருக்காகத்தான் முதலில் கேட்பேன். பதில் வராவிட்டால் திரும்பக் கேட்பேன். என் பேரனுக்காகத் தொண்டை கிழியக் கத்தினாலும் சரி, அவனுக்குப் பதில் சொல்லாத வாய்க்கு என் வீட்டில் ஒரு மிடறு காபி கிடையாது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் நாத்தனார்,
ஜெரோமின் ஆச்சி,
செபஸ்தியம்மாள்