ஓட்டையில்லாத பல்

மார்ச் 4, திங்கள்
காலையிலிருந்து மழை. மடாங் ஊர்ச் சந்தைக்கு வந்த கூட்டத்தில் பாதி, ஆஸ்பத்திரியில் என் பல் அறைக்கு வெளியேதான் நின்றது. பாக்கு மென்று சிவந்த வாய்களாகப் பதினொன்று. கடைசியாக, படகில் வந்த டோர்கஸும் அவள் மகள் ஜெனிட்டாவும். ஏழு வயது. வலது கன்னம் வீங்கியிருந்தது, மேல் கடைவாய்ப்பல் ஆடியது. ஏழு வயதில் பல் ஆடாமல் என்ன செய்யும்? சீழ் கட்டியிருக்கிறது என்று சொல்லிப் பிடுங்கினேன், மாத்திரை கொடுத்தேன். சீழ் வரவில்லை. பிறகு வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 11
வீக்கம் இரட்டிப்பாகிவிட்டது. வலது கண்ணை மேலே தள்ளுகிறது. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை என்றாள் டோர்கஸ். நான் நம்பாமல் அட்டையை வாங்கிப் பார்த்தேன். காலி. வெட்கமாக இருந்தது. வார்டில் சேர்த்து ஊசி மருந்து தொடங்கினார்கள்.

மார்ச் 12
ஜெனிட்டா வீட்டுக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டு மறந்துபோன பல் என் இழுப்பறையில் கிடந்தது. கழுவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. நல்ல பல்லுலேர்ந்து சீழ் எப்படிடி வரும், மடச்சி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மார்ச் 13
சர்ஜன் கெப்பாஸிடம் போனேன். ஊசி மருந்தையே இன்னும் ஒரு வாரம் போட்டுப் பார்க்கலாம் என்றார். காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, தொட்டால் பிள்ளை அழுவதும் இல்லை என்றேன். இந்த வயதில் முன்பல் ஆடலாம், இவளுக்கோ பின்பல் மூன்று ஆடுகிறது.
"ரூபி, நீ பல்ல பாரு."
"பல்லத்தான் பாத்துட்டு வந்திருக்கேன்."
பிறகு அவரே வந்து கட்டியில் ஊசி விட்டுக் கொஞ்சம் சதை உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் தகடுகளில் தடவினார். நிணநீர்ப் புற்றாக இருக்கலாம் என்றார். தகடுகள் சாயங்கால விமானத்தில் தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்குப் பரிசோதனைக்குப் போய்விட்டன.

மார்ச் 15
வார்டில் ஜெனிட்டாவின் கட்டில் காலி! படகுத்துறைக்கு ஓடினேன். டோர்கஸ் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தாள்.
"மொதல்ல பல்லுன்னீங்க. அப்புறம் சீழுன்னீங்க. இப்ப என்னமோ பெரிய பேரு. எத நம்பறது சிஸ்டர்?"
"நான் சொன்னது தப்பு, டோர்கஸ். அது நல்ல பல்லு. தப்புன்னு தெரிஞ்சதாலதான் ஓடி வந்திருக்கேன்."
படகுக்காரன் அவசரப்படுத்தினான். அவள் என்னையே பார்த்தாள். பிறகு மூட்டையை இறக்கினாள்.

மார்ச் 18
புற்றுதான். வேகமாக வளரும் வகை, மருந்துக்கு வேகமாகக் கரையவும் கூடுமாம். நாளை லே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ். நானும் கூடப் போய்ச் சேர்த்துவிட்டு வருகிறேன். விடுப்புக் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

மார்ச் 31
டோர்கஸ் லேயிலிருந்து போன் செய்தாள். "ரெண்டு கண்ணும் ஒரே உயரத்துல இருக்கு சிஸ்டர்." வைத்துவிட்டு அழுதேன்.

செப்டம்பர் 9
மருந்து முழுவதும் முடிந்து ஜெனிட்டா வந்தாள். தலையில் புதுமுடி, குட்டையாக. வந்ததும் பல்லைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஓட்டையே இல்லையே. ஏன் புடுங்குனீங்க?"
"தெரியாம புடுங்கிட்டேன்."
யோசித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு நாற்காலியில் ஏறி, நான் கேட்காமலே வாயைத் திறந்தாள். ஒவ்வொரு பின்பல்லாக ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. முன்பல் ஒன்று மட்டும் ஆடியது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.