அந்தக் கார்டு சாகவில்லை

காயப்போட்ட துணி சாரலில் நனைந்து மறுபடி வீட்டுக்குள் வந்தால் ஒரு புளித்த வாடை அடிக்குமே, அது இன்று எங்கள் அறை முழுக்க இருக்கிறது. பால்கனியிலிருந்து மதுவின் போர்வைகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தபோது உன் ஞாபகம் வந்தது. மது என் மகள், நாலு வயது, நீ பார்த்ததில்லை. மூன்று நாளாகக் காய்ச்சல். உன்னை நாலே நாளில் கொண்டுபோனதும் காய்ச்சல்தான். நாளை விடிந்தால் மதுவுக்கும் நாலாம் நாள்.

கல்லூரிக் கடைசி வருடம், அல்சூரில் உங்கள் மொட்டைமாடி அறையில் நாம் துணியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் கடையில் ஒரு பிசிக்ஸ் கார்டைக் கண்டுபிடித்து வந்திருந்தாய். பொருள்கள் விழுவது, நொறுங்குவது, பறப்பது என்று அந்தக் கணக்கை மட்டும் போடுவதற்காகக் கம்ப்யூட்டருக்குள் செருகுகிற தனி அட்டை. அப்போதே அதைச் சீந்துவாரில்லை.

“சுடுற கேம்ல செவுரு தூள்தூளா பறக்கணும்னுதான்டி இத வாங்குனானுங்க. அந்தத் தூளு எவன் மேலயும் படாது, சும்மா ஷோ. என் கேம்ல துணிதான் எல்லாமே” என்பாய்.

கடைசி வருட ப்ராஜெக்டாக நீ உருவாக்கிய விளையாட்டில் துப்பாக்கியே கிடையாது. மழை வருவதற்குள் கொடியிலிருந்து துணிகளை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். வேட்டி முகத்தில் சுற்றிக்கொள்ளும். ஈரப் போர்வை கொடியையே தாழ்த்தும். கிளிப் மாட்டாத சட்டை பக்கத்து மாடிக்குப் பறந்துவிடும். “அந்த ஆன்ட்டிகிட்ட போய்த் திருப்பி வாங்குறதுதான் லெவல் டூ” என்று நீ சொன்னதற்கு எவ்வளவு நேரம் சிரித்தோம்!

கல்லூரியில் காட்ட வேண்டிய நாள் காலை. நீ குளிக்கப் போயிருந்தாய். கார்டை இயக்குகிற மென்பொருளுக்கு, அதாவது டிரைவருக்கு, புதியது வந்திருக்கிறது, போடட்டுமா என்று திரையில் ஒரு பெட்டி கேட்டது. நான் அன்றும் பயந்தாங்கொள்ளிதான். போடாவிட்டால் நடுவில் நின்றுவிடுமோ என்று பயந்து ‘சரி’யை அழுத்திவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. அந்தப் புதிய டிரைவர் பழைய கார்டுகளைக் கைகழுவிவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆட்டோவில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, வேகத்தடை வரும்போதெல்லாம், “ஹம்ப்ல மெதுவாண்ணா, புள்ளத்தாச்சி இருக்கா” என்று அதைத் தட்டிக்காட்டினாய்.

லேபில் துணி சீராக அசையவில்லை. ஒரு படம், சற்றுப் பொறுத்து அடுத்த படம் என்று தள்ளித் தள்ளி நகர்ந்தது. “ஏனம்மா, இது கேமா, போட்டோ ஆல்பமா?” என்றார் சார். பிறகு, “கார்டு இல்லாதவங்க எப்படி ஆடுவாங்க? துணியக் கொறச்சுடு” என்றார். “கொறச்சா கேமே இல்ல சார்” என்றாய்.

படிக்கட்டில், “செத்துடுச்சுடி கார்டு” என்றாய்.

சாகவில்லை. அன்று மாலையே இணையத்தில் தேடிப் படித்துவிட்டேன். பழைய டிரைவரைத் திரும்பப் போட்டால் போதும், கார்டு பிழைத்துக்கொள்ளும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். நீ கார்டைக் கழற்றி டிராயரில் போட்டுப் பூட்டினாய். பிறகு அந்த விளையாட்டைத் தொடவே இல்லை. இரண்டு வருடம் தினமும் பேசிக்கொண்டோம். இதை மட்டும் நான் பேசவில்லை. அப்புறம் நீயே இல்லை.

இன்று மதியம் பன்னிரண்டுக்கு மதுவுக்கு மருந்து கொடுத்தேன். ஆறு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லியிருந்தார் டாக்டர். நாலு மணிக்கு உடம்பு கொதித்தது. பொறுக்க முடியாமல் இன்னொரு வேளை ஊற்றிவிட்டேன். ஆறரைக்கு ஆபீஸிலிருந்து வந்த என் கணவர் ரகு, “மருந்து எப்போ குடுத்த?” என்றார்.

“பன்னெண்டு மணிக்கு.”

வாயில் அதுதான் வந்தது. பொய்கூட இல்லை, பாதி உண்மை. அவர் மருந்தை அளவு மூடியில் ஊற்றி, “மது கண்ணா, ஆ காட்டு” என்று குனிந்துவிட்டார். குழந்தை வாயைத் திறந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“குடுக்காத ரகு! நாலு மணிக்கும் குடுத்துட்டேன். பயத்துல குடுத்துட்டேன். உங்கிட்ட மறைச்சேன்.”

மூடியைக் கீழே வைத்தார். “இத முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று மட்டும் கேட்டுவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். பத்து மணிவரை எதுவும் கொடுக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், வாந்தி எடுத்தாலோ சோர்ந்து கிடந்தாலோ உடனே கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர்.

துடைத்துவிட்டேன். இன்னும் நூற்றிரண்டு இருக்கிறது. இடது கையை அவள் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு வலது கையால் இதை எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாமல் விட்டதை இத்தனை வருடம் சுமந்துகொண்டிருந்தேன். அதுதான் இன்று என் வாயைத் திறக்க வைத்தது. ஆனாலும் பயம் போகவில்லை. மூச்சு சீராகத்தான் வருகிறது. இருந்தும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.